பத்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள்

ஊர் ஊராக லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் நண்பர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமையானால் நூலக மாடியிலோ பள்ளிக்கூட ஹாலிலோ மேஜை போட்டு, வருகிறவர்களின் மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் நீங்கள். சில வருடங்களாக அந்த மேஜைக்குப் பின்னால் நானும் உட்காருகிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. தினம் எட்டு மணி நேரம் லிப்ரே ஆபீஸும் பிடிஎஃப்பும். மௌஸ் வைக்க இடமில்லாத சின்ன மேஜை. அதனால் டச்பேட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. அதற்குப் பிறகு நம் மேஜைக்கு வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். முன்பு கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் வீட்டிலேயே ஒருமுறை நிறுவிப் பார்த்துக் கெடுத்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். இப்போது வருவது ரிடையரான ஆசிரியர், ஜெராக்ஸ் கடைக்காரர், பேரன் விட்டுப்போன லேப்டாப்பைத் தூசி தட்டிக் கொண்டுவரும் தாத்தா. "மெஷின் நல்லாத்தான் இருக்கு, புது விண்டோஸ் ஏறாதுங்கறாங்க" என்பார்கள். நாமும் உபுண்டுவையோ மின்ட்டையோ ஏற்றுகிறோம். வைஃபை பிடிக்கிறதா, தமிழ் அடிக்க வருகிறதா, யூடியூபில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறோம். மூடியை மூடிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

டச்பேடை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு விரலால் கோடு இழுத்து, அம்புக்குறி நகர்ந்தால் சரி. (இதற்குத் தொடுதிட்டு, தொடுபலகை என்றெல்லாம் கலைச்சொற்கள் இருக்கின்றன. மேஜைக்கு வருகிறவர் வாயில் அது டச்பேட்தான். ஜெஸ்ச்சருக்குச் 'சைகை' என்பது மட்டும் யாருக்கும் விளக்கத் தேவையில்லாமல் அமைந்துவிட்டது.)

போன வருடக் கடைசியில் ஒரு தமிழ் டீச்சருக்கு நானே நிறுவிக் கொடுத்தேன். அவசரத்தில் பையில் கிடந்த பழைய பென்டிரைவைச் செருகினேன். அதில் இருந்தது டெபியன் 12, க்னோம் மேசைச்சூழலோடு. மூன்றாவது வாரம் டீச்சர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா கை வலிக்குது. பழசையே போட்டுக் குடுத்துடுங்க."

எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். வலது கட்டைவிரலின் அடியைக் காட்டினார். ஒரு ஃபைலைத் திறந்து காட்டுங்கள் டீச்சர் என்றேன். ஆள்காட்டி விரலால் அம்புக்குறியைக் கொண்டுபோனார். பிறகு கட்டைவிரலை டச்பேடின் கீழ்ப்பகுதியில் ஊன்றி அழுத்தினார். கதவின் தாழ்ப்பாளைத் தள்ளுகிற அழுத்தம். லேப்டாப்பே ஒரு குலுங்கு குலுங்கியது. ஃபைல் திறக்க அப்படி இரண்டு முறை. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நான் கணக்குப் போடவில்லை, அவர் விரல் போட்டிருந்தது.

தட்டினாலே கிளிக் ஆகும் வசதி அதில் அணைந்து கிடந்தது. இது பழுதல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. லினக்ஸில் டச்பேட், மௌஸ், விசைப்பலகை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது லிப்இன்புட் என்ற நூலகம். அழுத்துவதற்குப் பொத்தான் உள்ள டச்பேடுகளில் தட்டிக் கிளிக் செய்வதை அது இயல்பாக அணைத்தே வைக்கும். காரணத்தை அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தட்டினால் கிளிக் ஆகும் என்பது தெரியாதவருக்கு அது இயங்கிக்கொண்டிருந்தால், கை பட்ட இடமெல்லாம் ஏதோ திறந்து மூடும். கணினி கெட்டுப்போனதாக நினைப்பார். தெரிந்தவரோ, அதை எங்கே இயக்குவது என்று தேடிக்கொள்வார். நியாயமான வாதம். ஆனால் நம் மேஜைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டு வகையிலும் சேர மாட்டார்கள். அவர்களுக்குத் தட்டத் தெரியும். பத்து வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது ஓர் அமைப்பு, அதற்கு ஒரு பெயர் உண்டு, அதைப் போட்டு அணைக்க ஒரு பொத்தான் உண்டு என்பதுதான் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? க்னோம்காரர்கள் 2024 மார்ச்சில் வந்த 46ஆம் பதிப்பில் தட்டுவதை இயல்பிலேயே இயக்கிவிட்டார்கள். டீச்சரிடம் இருந்தது 43.

கட்டைவிரல் சங்கதி இரண்டு கிளிக்கில் தீர்ந்தது. அவருடைய அடுத்த புகார்தான் என்னை யோசிக்க வைத்தது. "அப்புறம், எழுதினது காணாமப் போயிடுது தம்பி. கொஞ்ச நேரம் கழிச்சு எப்படியோ திரும்பி வருது."

செய்து காட்டச் சொன்னேன். மூன்று விரலை வைத்து இடப்பக்கம் தள்ளினார். திரையில் இருந்த ஆவணம் முழுதாக வழுக்கிக்கொண்டு போய், வெறும் நீலத்திரை மட்டும் நின்றது. விண்டோஸ் 10இல் மூன்று விரலை இடமோ வலமோ தள்ளினால் திறந்திருக்கும் அடுத்த விண்டோ முன்னால் வரும். க்னோமில் அதே சைகை அடுத்த பணியிடத்துக்குக் கூட்டிப்போகும். கடைசியில் எப்போதும் ஒரு காலிப் பணியிடம் காத்துக்கொண்டிருக்கும். டீச்சர் ஒவ்வொரு முறையும் தன் கட்டுரையிலிருந்து ஒரு காலி அறைக்குள் போய் நின்றிருக்கிறார். மூன்று விரலைக் கீழே இழுத்தால் எல்லாம் ஒதுங்கி டெஸ்க்டாப் தெரிய வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பழக்கம். அதற்குக் க்னோம் அசையவே இல்லை.

நண்பர்களே, நாம் இயங்குதளத்தை மாற்றிக் கொடுத்தோம். அவருடைய விரல்களிடம் யாரும் தகவல் சொல்லவில்லை.

விரல்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். பல விரல் தொடுதலை உலகம் ஐபோனோடு சேர்த்தே நினைக்கிறது. அதற்கு முன்னால் அமெரிக்காவில் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் வேய்ன் வெஸ்டர்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். தட்டச்சு செய்து செய்து அவர் கைகள் வலி கண்டுவிட்டன. அழுத்தமே தேவைப்படாத ஒரு பரப்பில் விரல்களை வெறுமனே நகர்த்தி வேலை வாங்க முடியுமா என்று தேடிப்போனவர், தன் பேராசிரியர் ஜான் எலியாஸோடு சேர்ந்து ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1999இல் அவர் முடித்த ஆய்வேடே ஒரு பரப்பில் பல விரல்களைத் தனித்தனியாக அடையாளம் காண்பதைப் பற்றியது. 2005இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்று நாம் மூன்று விரல், நான்கு விரல் என்று ஆட்டிக்கொண்டிருப்பதன் வேர்களில் ஒன்று, ஒரு மனிதரின் கைவலி. டீச்சரின் கட்டைவிரலைப் பார்த்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது.

லினக்ஸ் பக்கம் இந்தக் கதை சிக்கலாகத்தான் நடந்தது. 2010இல் உபுண்டு 10.10 வந்தபோது, கனோனிக்கல் நிறுவனம் யுடச் என்ற பெயரில் தன் சொந்தச் சைகை அடுக்கைக் கொண்டுவந்தது. நல்ல ஆசை, ஆனால் வேரூன்றவில்லை. பிறகு லிப்இன்புட் வந்தது. பீட்டர் ஹட்டரர் முன்னின்று வளர்த்தார். 2015இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது. சினாப்டிக்ஸ் என்ற பழைய இயக்கியில் விரல் அழுத்தம், ஓர உருட்டல், வேகம் என்று திருகக்கூடிய பொத்தான்கள் கணக்கில்லாமல் இருந்தன. லிப்இன்புட்டில் அவை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள்" என்று அப்போது குறைப்பட்டவர்களில் நானும் ஒருவன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய இயக்கியில் ஒரு பொத்தானைத் திருகினால் மூன்று இடத்தில் கோணும்.

லிப்இன்புட் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் லிப்இன்புட்-டூல்ஸ் என்ற பொதியைப் போட்டு, டெர்மினலில் நிர்வாகி உரிமையோடு அதன் டிபக்-ஈவன்ட்ஸ் கட்டளையை ஓடவிடுங்கள். டச்பேடில் மூன்று விரலை வைத்து நகர்த்துங்கள். 'ஸ்வைப் தொடங்கியது, 3' என்று ஒரு வரி விழும். தொடர்ந்து, எவ்வளவு தூரம் எந்தப் பக்கம் என்று வரிவரியாக எண்கள் ஓடும். விரலை எடுத்தால் 'முடிந்தது'. நடுவில் நான்காம் விரல் பட்டுவிட்டால், 'ரத்து' என்று குறித்துக்கொண்டு முடியும். இரண்டு விரலைச் சேர்த்து நகர்த்தினால் உருட்டல், விரித்தாலோ சுருக்கினாலோ கிள்ளல். மூன்றும் அதற்கு மேலும் சேர்ந்து நகர்ந்தால் ஸ்வைப். 2021இல் 'பிடித்தல்' என்று ஒன்றும் சேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேல் விரலைச் சும்மா வைத்தாலே ஓட்டம் நிற்பது அதனால்தான்.

லிப்இன்புட்டின் வேலை அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. மூன்று விரல் இடப்பக்கம் போனது என்று சேதி சொல்லும். அதற்கு என்ன செய்வது என்பதை மேலே உள்ள மேசைச்சூழல் தீர்மானிக்கும். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிரித்துப் படிப்பது வீட்டுக்காரர் பாடு. நம் மேஜையில் நடக்கும் பாதி வாக்குவாதம் இந்த வேறுபாடு தெரியாததால் வருவது. கட்டளையை ஓடவிட்டு, வரி விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் வன்பொருளோ கெர்னலோ காரணம். விழுந்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் மேசைச்சூழலைப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஆளுக்கொரு பொதியை நிறுவிக்கொண்டிருந்த ஞாயிறுகள் என் கணக்கிலேயே நிறைய.

மேசைச்சூழலுக்கு வந்துவிட்டால், அங்கே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரைக்கான நெறிமுறையாக ஓடுவது வேலண்டா, எக்ஸ் 11ஆ? வேலண்டில் சைகைகள் மேசைச்சூழலுக்குள்ளேயே கட்டப்பட்டவை. 2021 மார்ச்சில் வந்த க்னோம் 40 பணியிடங்களைக் கிடைமட்டமாக்கி, மூன்று விரலை மேலே தள்ளினால் எல்லா விண்டோக்களும், இன்னொரு தள்ளலில் செயலிகளின் பட்டியலும் என்று அமைத்தது. திரை விரலோடு ஒட்டிக்கொண்டு நகரும். பாதியில் மனம் மாறினால் விரலைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். 2022 ஜூனில் பிளாஸ்மா 5.25இல் கேடிஇ மேசைச்சூழலும் அந்த வழுவழுப்பைப் பிடித்துவிட்டது. பழகிவிட்டால் விட மனம் வராது.

ஆனால் க்னோமின் அமைப்புகளில் மூன்று விரல் எதைச் செய்ய வேண்டும் என்று மாற்ற ஒரு பக்கம்கூடக் கிடையாது. அவர்கள் கொடுத்ததுதான். இதற்காக நீட்சிகளைத் தேடிப்போனால் அதிலும் ஒரு வம்பு. 2023 செப்டம்பரில் க்னோம் 45 வந்தபோது நீட்சிகள் எழுதும் முறையே மாறியது. பழைய நீட்சிகள் அத்தனையையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. நீட்சியை நம்பி டீச்சருக்குச் சைகை அமைத்துக் கொடுத்தால், ஆறு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு வரும். துணிப்பை திரும்ப என் வாசலுக்கு வரும். ஸ்வே என்ற சாளர மேலாளரைப் பயன்படுத்தும் தம்பிமார் "எங்களுக்குக் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும்" என்பீர்கள். 1.8 பதிப்பிலிருந்து உண்மைதான். அதே கோப்பை டீச்சரிடம் கொடுக்க உங்களுக்கு மனம் வருமா?

எக்ஸ் 11இன் நிலைமை நேர்மாறு. டச்பேட் சைகை என்ற கருத்தே அந்த நெறிமுறையில் வெகுகாலம் இல்லை. 2021 அக்டோபரில் வந்த எக்ஸ் சர்வர் 21.1இல்தான், போவிலாஸ் கனாபிக்காஸ் என்பவர் உழைப்பில், உள்ளே வந்தது. அதுவரை வெளியாள்கள் ஓட்டையை அடைத்தார்கள். அடைத்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் டச்எக் என்ற கருவியை எழுதிய ஹோசே எக்ஸ்போசிட்டோ. யுடச் காலத்தில் தொடங்கிய நிரலை, பிறகு லிப்இன்புட்டின் மேல் அடியிலிருந்து திரும்ப எழுதினார். பின்னணியில் ஒரு சேவை மட்டும் டச்பேடைக் கவனிக்கும். பயனரின் பக்கம் 'மூன்று விரல், மேலே' என்ற சேதியை மாத்திரம் அனுப்பும்.

இந்த 'மாத்திரம்' ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் இதில் தவறு செய்கிறோம். லிப்இன்புட்-ஜெஸ்ச்சர்ஸ் என்ற வேறொரு கருவி உண்டு. எளிமையானது, நானும் பல வருடம் பயன்படுத்தினேன். அது வேலை செய்யப் பயனரை 'இன்புட்' என்ற குழுவில் சேர்க்க வேண்டும். ஒரு வரிக் கட்டளை, அடித்துவிட்டு மறந்துவிடுவோம். அந்தக் குழுவில் இருக்கும் பயனர் ஓட்டுகிற எந்த நிரலும் டச்பேடை மட்டுமல்ல, விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்கலாம். வங்கிக் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். உங்கள் சொந்த இயந்திரத்தில் தெரிந்து செய்தால் அது உங்கள் விருப்பம். பென்ஷன் கணக்கை அதே லேப்டாப்பில் பார்க்கும் ஒருவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இதைச் செய்துவிட்டு வருவது, வீட்டுச் சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வருவது போல. அடுத்தவர் கணினியில் இதைச் செய்யாதீர்கள். இந்த மடலில் கெஞ்சிக் கேட்பதென்றால் இது ஒன்றைத்தான் கேட்பேன்.

டீச்சரின் லேப்டாப்பில் கடைசியில் மின்ட்டை ஏற்றினேன். 2023 ஜூலையில் வந்த மின்ட் 21.2இலிருந்து அதன் மேசைச்சூழலான சின்னமனுக்குள்ளேயே சைகைகளுக்கென்று ஓர் அமைப்புப் பக்கம் இருக்கிறது. அடியில் வேலை செய்வது டச்எக். மேலே தெரிவது, எந்தச் சைகைக்கு என்ன என்று தேர்ந்தெடுக்கும் சாதாரணப் பட்டியல். டெர்மினல் பக்கமே போக வேண்டாம். மூன்று விரல் மேலே என்றால் திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் பரவித் தெரியும். கீழே என்றால் டெஸ்க்டாப். இடது, வலது இரண்டுக்கும் ஒன்றும் வேண்டாம் என்று வைத்தேன். நான்கு விரல் முழுக்கக் காலி. பணியிடம் என்ற ஒன்று இருக்கிறது என்றே அவரிடம் சொல்லவில்லை.

உங்களில் சிலர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். பன்னிரண்டு சைகைகள் அமைக்க முடிகிற இடத்தில் இரண்டா என்று. நானும் பன்னிரண்டு வைத்திருந்தவன்தான். மூன்று விரல், நான்கு விரல், கிள்ளல், விரித்தல் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வேலை. கட்டமைப்புக் கோப்பில் குறிப்புரை வேறு. வட்டு பழுதாகி, புதிதாக நிறுவ வேண்டி வந்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ஐந்துதான் தேறியது. மீதி ஏழு ஒருநாளும் என் கைக்குள் போனதே இல்லை.

எண்ணிக்கையை விட மோசமானது ஆபத்து. டச்எக் தன் இயல்பான கட்டமைப்பில் மூன்று விரலைக் கிள்ளினால் விண்டோவை மூடும்படி வைத்திருக்கிறது. நன்றாகப் பழகியவருக்கு அது சுகம். புதிதாக வருகிறவர், மூன்று விரலை மேலே தள்ள நினைத்து, விரல்களைக் கொஞ்சம் குவித்துவிட்டால் கட்டுரை மூடிக்கொள்ளும். எதையும் மூடுகிற, அழிக்கிற சைகையை அடுத்தவர் இயந்திரத்தில் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் டீ குடித்துக்கொண்டே சண்டை போடலாம்.

சைகை என்று நாமாக அமைக்காத ஒன்றும் பதுங்கியிருக்கிறது. மூன்று விரலால் தட்டினால் அது மௌஸின் நடுப்பொத்தான். லினக்ஸில் நடுப்பொத்தான் என்றால், கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதைக் கர்சர் இருக்கும் இடத்தில் ஒட்டு என்று பொருள். நகலெடுத்திருக்கக்கூட வேண்டாம், வெறுமனே நிறமாக்கியிருந்தால் போதும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு நாவலின் மெய்ப்பில் இருந்தபோது வீட்டிலிருந்து வந்த செய்தியை இன்னொரு விண்டோவில் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தபடியே படித்துவிட்டுத் திரும்பினேன். மூன்று விரல் சேர்ந்து பட்டிருக்க வேண்டும். நூலாசிரியர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். கதாநாயகி ஆற்றங்கரையில் அழுதுகொண்டிருக்கும் பத்தியில் "சின்ன வெங்காயம் கால் கிலோ" என்று இருக்கிறதே, இது உங்கள் திருத்தமா என்று கேட்டார். அச்சுக்குப் போகவில்லை, என் நல்ல காலம். லிப்ரே ஆபீஸின் தெரிவுகளில் 'பார்வை' என்ற பகுதிக்குள் நடுப்பொத்தானுக்கு ஒரு வேலையும் வேண்டாம் என்று வைக்கலாம். க்னோமாக இருந்தால் ட்வீக்ஸ் கருவியில் நடுக்கிளிக் ஒட்டலை மொத்தமாகவே அணைத்துவிடலாம். எழுதிப் பிழைக்கிறவர்களின் கணினியில் இதை விட்டுவைக்காதீர்கள்.

உருட்டும் திசையைப் பற்றி வாதாட வேண்டாம். 2011இல் ஆப்பிள் அதைத் திருப்பிப் போட்டதிலிருந்து உலகம் இரண்டு கட்சியாகக் கிடக்கிறது. வந்தவரின் கையில் அவருடைய கைப்பேசியைக் கொடுத்து ஒரு பக்கத்தைத் தள்ளச் சொல்லுங்கள். பிறகு டச்பேடில் தள்ளச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறதா என்று பார்த்து வைத்துவிடுங்கள். வலது கிளிக்கையும் அதே போல. சிலர் கீழ்வலது மூலையை அழுத்துவார்கள், சிலர் இரண்டு விரலை வைத்து அழுத்துவார்கள். க்னோமின் இயல்பு இரண்டு விரல். மூலையை அழுத்திப் பழகியவருக்கு வலது கிளிக்கே செத்துப்போனதாகத் தோன்றும். க்னோம் 46இலிருந்து அமைப்புகளிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா டச்பேடுக்கும் எல்லாம் வராது என்பதையும் வருகிறவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய டச்பேடுகளில் ஒரு ரகம் உண்டு. எத்தனை விரல் என்று எண்ணத் தெரியும். ஆனால் ஒவ்வொரு விரலும் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. இரண்டு விரலைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, அதன் மூலைகளை மட்டும் அனுப்பும். அதில் கிள்ளலை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் லிப்இன்புட் அதை முயல்வதே இல்லை. இன்னொரு ரகம் இரண்டு விரலை ஒழுங்காகத் தொடரும். மூன்றாவது வந்தால் எண்ணிக்கை மட்டும் தெரியும். மூன்று விரலை மேலே தள்ளுவது அதிலும் நடக்கும், மூன்று விரல் கிள்ளலை எதிர்பார்க்கக் கூடாது. இந்த மாதிரி இயந்திரங்களில் மணிக்கணக்காக மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு சாதாரண மௌஸை வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் குதிக்கிறது என்பார்கள் சிலர். தட்டச்சு நேரத்தில் டச்பேடை முடக்கும் வசதி பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அது லேப்டாப்போடு பிறந்த விசைப்பலகைக்குத்தான் பொருந்தும். தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டிய தனி யூஎஸ்பி விசைப்பலகையை முன்னால் வைத்து அடிப்பவருக்கு இது உதவாது. அவர் கையும் டச்பேடில் படாது என்பதால் பெரிய நஷ்டமில்லை.

நான் கேட்கும் பத்து நிமிடம் இவ்வளவுதான். நிறுவி முடித்ததும், நம் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அவர் கையை டச்பேடில் வைக்கச் சொல்ல வேண்டும். ஒரு ஃபைலைத் திறவுங்கள், ஒரு பக்கத்தைக் கீழே தள்ளுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போங்கள், டெஸ்க்டாப்புக்கு வாருங்கள். அவர் விரல் எதைத் தேடுகிறது என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் அமைத்துக் கொடுங்கள். நடுவில் நாம் மௌஸைப் பிடுங்கி "இப்படிச் செய்யணும் சார்" என்று காட்டிவிட்டால் போச்சு. அவர் நம் கையைப் பார்ப்பார், நாம் அவர் கையைப் பார்க்க முடியாது.

இன்னும் ஒன்று, இது மென்பொருளில் சேராது. போன மாதம் ஒரு லேப்டாப்பில் கர்சர் தானாக நடுங்கியது. இரண்டு விரல் உருட்டல் பிடிக்கவே இல்லை. மூன்று பேர் சேர்ந்து கெர்னலை மாற்றிப் பார்த்தார்கள், இயக்கியை மாற்றிப் பார்த்தார்கள். கூட்டத்தில் இருந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து சார்ஜரைப் பிடுங்கினார். நடுக்கம் நின்றது. திரும்பச் செருகினார், நடுங்கியது. நாம் இழுத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் இல்லை. டச்பேட் விரலின் மின்தேக்கத்தை அளந்துதான் விரலை அறிகிறது. சார்ஜரிலிருந்து கசியும் இரைச்சல் இறங்கிப்போக வழியில்லாவிட்டால் அது விரலோடு சேர்ந்துகொள்கிறது. டச்பேடைத் துடைக்காமல் விடுவதும் இதே கதைதான். வியர்வைக் கைக்கும் எண்ணெய்க் கைக்கும் எந்தக் கட்டமைப்புக் கோப்பும் பதில் சொல்லாது.

வரும் ஞாயிறு நல்ல மூன்று முனை பாக்ஸ் ஒன்றும், ஒரு கண்ணாடி துடைக்கும் துணியும் நான் கொண்டுவருகிறேன். ஹாலின் சுவர் பிளக்கில் எர்த் வருகிறதா என்று யாராவது முன்னாடியே வாட்ச்மேனிடம் கேட்டுவைத்தால் புண்ணியமாகப் போகும். டீச்சரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப்பைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு.

அன்புடன்,
உங்களில் ஒருவன்